சுத்த சைவ வீட்டில் முட்டைப் பொடிமாஸ்

போன ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு வாடகை வீடு பார்க்கக் கீழ்க்கட்டளை வரை போக வேண்டியிருந்தது. அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. வீடு பார்ப்பதில் நான் கெட்டிக்காரன் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. காரணம், நான் நிறைய வீடு மாறியவன். நிறைய தடவை ஃபெயிலானவனிடம் டியூஷன் சேர்வதைப் போன்ற நம்பிக்கைதான்... இருக்கட்டும்.

வீட்டுக்காரர் எங்களை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். எந்த ஊர், என்ன வேலை, அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் — எல்லாம் கேட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நண்பரை யாரும் இவ்வளவு கேட்கவில்லையாம். கடைசியில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முட்டை சாப்பிடுவீங்களா?"

கவனியுங்கள். குடிப்பீர்களா என்று கேட்கவில்லை. சீட்டாடுவீர்களா என்று கேட்கவில்லை. வாடகையை ஒழுங்காகக் கொடுப்பீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. முட்டை.

நண்பர் பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "கேக்ல இருக்கறது மட்டும் சார்" என்றார்.

வீட்டுக்காரர் கண்ணை மூடி யோசித்தார். "கேக் பரவால்ல. அந்தப் பாவம் பேக்கரிக்காரனுக்குப் போயிடும். இங்க நீங்க ஒடைக்கக் கூடாது, அவ்ளோதான்" என்றார்.

ஆக, பாவம் தின்பதில் இல்லை, உடைப்பதில் இருக்கிறது. இத்தனை வயதாகியும் எனக்கு இது தெரியாமல் போயிற்று.

நம் பக்கத்தில் முட்டையைப் பற்றி உலவுகிற சித்தாந்தங்களைத் தொகுத்தால் தனிப் புத்தகமே போடலாம். நாட்டுக்கோழி முட்டை அசைவம், பண்ணை முட்டை சைவம். ஏனாம்? பண்ணைக் கோழி சேவல் முகத்தையே பார்த்ததில்லையாம். ஒரு ஜீவனைக் கூண்டில் அடைத்து, அதற்கு ஒரு நல்லது கெட்டது இல்லாமல் செய்துவிட்டு, அந்தப் புண்ணியத்தில் ஆம்லெட் போட்டுச் சாப்பிடுகிறோம். டாக்டர் சொல்லிச் சாப்பிட்டால் மருந்து, நாமாகச் சாப்பிட்டால் அசைவம். பச்சையாக மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தால் உடம்புக்கு நல்லது. அதிலேயே நாலு வெங்காயத்தை நறுக்கிப் போட்டுவிட்டால் ஆசாரக் கேடு. மொத்தத்தில் ருசியாக இருக்கக் கூடாது என்பதுதான் விதி போலிருக்கிறது.

கீழ்க்கட்டளைக்காரர் கேட்ட அதே கேள்வியை என்னிடமும் ஒருவர் கேட்டிருக்கிறார். நண்பரைப் போல நான் உண்மை பேசவில்லை. அதனால் என்னவெல்லாம் ஆயிற்று என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

எண்பதுகளின் பின்பாதி. எனக்கும் வசந்திக்கும் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மேற்குத் தாம்பரத்தில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு தெருவில், ஏகாம்பரம் சார் வீட்டின் பின் போர்ஷன் காலியாக இருந்தது. ஏகாம்பரம் சார் பூர்வீகமாக அந்த ஊர்க்காரர். அவருடைய அப்பா காலத்தில் அங்கே நெல் விளைந்ததாம். நாங்கள் போனபோது நெல் விளைந்த இடத்தில் எல்லாம் வாடகை விளைந்துகொண்டிருந்தது. எங்களுக்குக் காட்டிய போர்ஷனில் காற்று வராது. வெளிச்சம் மத்தியானத்தில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். சுவரில் ஆணி அடித்தால் சுவரும் சேர்ந்து வரும்.

ஆனால் கொல்லையில் ஒரு கிணறு இருந்தது. அதில் நல்ல தண்ணீர் இருந்தது.

அந்த நாளில் புறநகரில் குடித்தனம் செய்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. காபி போட்டால் பால் திரியும். குடிக்கிற தண்ணீருக்கு லாரி வர வேண்டும். அது வருகிற நேரம் அதன் டிரைவருக்கே தெரியாது. வசந்தி பல்லாவரத்தில் பிறந்து வளர்ந்தவள். லாரி ஹாரன் கேட்டதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து குடத்தோடு ஓடியே பெரிய மனுஷி ஆனவள். தள்ளுமுள்ளில் விழுந்து கையை உடைத்துக்கொண்டவள். அந்தக் கை மழைக்காலத்தில் இப்போதும் வலிக்கும்.

அவள் கிணற்றில் ஒரு வாளி இறைத்தாள். கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். பிறகு என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அவர் என்ன கேட்டாலும் சரின்னு சொல்லிடுங்க. இந்தக் கிணத்த விட்டுட்டு நான் வர மாட்டேன்."

ஏகாம்பரம் சார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தம்பி, நாங்க சுத்த சைவம். முட்டைகூட ஆவாது. வாசனை வந்திச்சின்னா அன்னைக்கே வூட்டக் காலி பண்ணிடணும். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

"சேச்சே... நாங்க அதெல்லாம் தொடறதே இல்ல சார்" என்றேன். வசந்தியும் பக்கத்தில் நின்று, முட்டை என்றால் உருண்டையா சதுரமா என்று கேட்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? நானாவது முட்டையை ருசித்துச் சாப்பிடுகிற ஜாதி. வசந்தி முட்டையிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா ஒரு மெஸ்ஸில் சமையல்காரர். காலையில் கூடை கூடையாக முட்டை உடைத்துவிட்டு வருகிறவர். அவளுக்கு முட்டை விஷயத்தில் அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றை யாரும் மறுத்துப் பேசிவிட முடியாது.

ஹாஃப் பாயிலை ஸ்பூனால் குத்திச் சாப்பிடுகிறவர்களை அவள் வீட்டுக்குள் விடமாட்டாள். மஞ்சள் கரு வாய்க்குள்தான் உடைய வேண்டும், தட்டில் உடைந்தால் அது விபத்து என்பாள். ஆம்லெட்டுக்குப் பால் சேர்க்கிறவர்களைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுத ஆசிரியர் அனுமதிக்க மாட்டார். இரும்புக் கரண்டியைக் காய்ச்சி அதில் ஊற்றுகிற கரண்டி ஆம்லெட்டுக்கு மிளகைத் தவிர வேறெதுவும் காட்டக் கூடாது. முட்டைக் குழம்பு விஷயத்தில் எங்களுக்குள் கல்யாணமான முதல் வாரத்திலேயே சண்டை. எங்கள் வீட்டில் வேகவைத்த முட்டையைக் குழம்பில் போடுவோம்.

"வேக வெச்சுப் போட்டா முட்டை கொழம்புல சும்மா குளிச்சிட்டு வரும். அது வேற, கொழம்பு வேற. கொதிக்கறப்ப ஒடச்சு ஊத்துங்க. அப்பத்தான் ரெண்டுக்கும் ஒரு சம்பந்தம் வரும்" என்றாள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மேலே அவள் வைத்திருந்தது பொடிமாஸ். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, ஒரே ஒரு பச்சை மிளகாய். முட்டையை ஊற்றியதும் அவசரப்பட்டுக் கிளறக் கூடாது. கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டு, அப்போது தட்டிய மிளகைப் போட வேண்டும். பாதி அடுப்பில் வேக வேண்டும், மீதி தட்டில் வேக வேண்டும் என்பது அவள் கட்சி. நானும் நாளடைவில் அதே கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

இப்படிப்பட்ட தம்பதிதான் நல்ல தண்ணீருக்காக முட்டையைத் துறந்தது. கொஞ்ச நாள் துறந்தும் இருந்தோம். பிறகு ஒரு சாயங்காலம், ரயிலை விட்டு இறங்கியதும் என் கால்கள் தாமாகவே ஸ்டேஷன் வாசல் தள்ளுவண்டிக்குப் போய்விட்டன. கால்களை நான் என்ன செய்ய முடியும்? டபுள் ஆம்லெட். வாயைக் கழுவினேன், பாக்குப் போட்டேன், வீட்டுக்கு வந்தேன்.

வசந்தி கதவைத் திறந்தாள். முகர்ந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கு?" என்றாள்.

அன்றைக்கே திட்டம் போட்டோம்.

முதல் பிரச்சினை, வாங்குவது. தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சியிடம் வாங்கினால் தினத்தந்தியில் போட வேண்டியதில்லை, அவரே தெரு முழுக்கச் சொல்லிவிடுவார். அதனால் மார்க்கெட்டுக்கு வயர் கூடையோடு போவேன். முட்டையைப் பேப்பரில் சுற்றி அடியில் வைத்து, மேலே முளைக்கீரைக் கட்டைப் போட்டு மூடுவேன். முட்டை விற்கிற அம்மா இதை நாலைந்து வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா சார், கீரைய மேல போட்டு மூடிக்கினு போற? வூட்டுக்காரரு சைவமா?"

"ஆமாம்மா."

"அதான பாத்தேன். ஒன்ன மாரி எவ்ளோ பேர் வந்துகினு கீறாங்க தெரியுமா? கீரைக்காரிதான் எனக்கு நன்றி சொல்லணும்" என்றார்.

இரண்டாவது பிரச்சினை, சத்தம். டம்ளரில் முட்டையை ஊற்றி ஸ்பூனால் அடிக்கிற சத்தம் இருக்கிறதே... ஊரில் கைக்குழந்தைக்குக்கூட அது என்னவென்று தெரியும். இங்கேதான் ரயில் பாதை கைகொடுத்தது. மின்சார ரயில் தடதடவென்று போகிற நேரத்தில் மட்டும் அடிப்பது. வசந்தி ஒரு கையில் டம்ளரும் ஒரு கையில் ஸ்பூனுமாக சிக்னல் விழக் காத்திருப்பாள். ரயில் லேட்டானால் எங்கள் வீட்டில் சாப்பாடும் லேட்டு.

மூன்றாவது, ஓடு. இதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை, புகழெல்லாம் வசந்திக்கே. ஓட்டைக் கழுவிக் காயவைத்து, கல்லுரலில் இடித்து, நைசாகச் சலித்துக் கோலமாவில் கலந்துவிட்டாள். மார்கழி மாதம் எங்கள் வாசல் கோலம் மட்டும் தெருவிலேயே பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கார அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எங்க மாவு மட்டும் ஏன்மா மங்கலாவே கீது?" என்று கேட்டார். "சலிக்கறதுலதாம்மா இருக்கு" என்று சொல்லி, அடுத்த நாளிலிருந்து அவர்கள் வாசலுக்கும் வசந்தியே கோலம் போட்டாள். சுத்த சைவ வீட்டின் வாசலில் முட்டை ஓட்டுக் கோலம். அதை மிதிக்காமல் பயபக்தியோடு தாண்டிப் போவார் ஏகாம்பரம் சார்.

கடைசிப் பிரச்சினைதான் பெரியது. வாசனை. வெங்காயமும் முட்டையும் சேர்ந்து எண்ணெயில் விழுந்தால் வருகிற வாசனையை ஒரு கதவும் ஒரு ஜன்னலும் தடுத்துவிடுமா? அப்பளம் பொரித்துப் பார்த்தோம். முட்டையும் அப்பளமும் தனித்தனியாக மணந்தன. பெருங்காயம் வறுத்துப் பார்த்தோம். எனக்குத் தும்மல் வந்ததுதான் மிச்சம். கடைசியில் வசந்தி கொட்டாங்கச்சியை எரித்து அந்தத் தணலில் சாம்பிராணிப் பொடியைப் போட்டாள். வீடு முழுக்கப் புகை. எங்களுக்கே நாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முட்டை உடைந்த நாளெல்லாம் சாம்பிராணி மணந்தது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் ஏகாம்பரம் சாரின் மகள் கலா, தயிருக்கு உறை வாங்கக் கதவைத் தட்டாமல் வந்துவிட்டாள். கலா ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வசந்தியின் வயதுதான். தட்டில் பொடிமாஸ் இருந்தது. வசந்தி கையில் கரண்டி அப்படியே நின்றது. எனக்குக் கிணறு கண்ணை விட்டு மறைவது மாதிரி இருந்தது.

கலா தட்டைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். திரும்பிப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு வந்து வசந்தி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கொஞ்சம் போடு வசந்தி. ஸ்கூல்ல பக்கத்து சீட்டு ஸ்டெல்லா டீச்சர் டப்பாவுல வாங்கிச் சாப்பிடறதோட சரி. அதுவும் ஆறிப் போயிருக்கும்."

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"திட்ட மாட்டாரு. அடிக்க மாட்டாரு. உக்காந்து அழுவாரு. அதான் பயம்" என்றாள் கலா.

அதன் பிறகு ரயில் சத்தத்தில் மூன்று முட்டைக்குப் பதில் ஐந்து முட்டை அடிக்க வேண்டியதாயிற்று.

சாம்பிராணியால் வந்த வினை ஒன்று உண்டு. நாங்கள் எதிர்பார்க்காதது. ஒரு காலை, நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது ஏகாம்பரம் சார் கிணற்றடிக்கு வந்தார். குரல் தழுதழுத்தது.

"தம்பி, இந்தக் காலத்துப் பிள்ளைங்க வெள்ளிக்கிழமைகூட ஒரு விளக்கு ஏத்த மாட்டேங்கறாங்க. நீங்க பாருங்க... நாள் கிழமை பாக்காம சாம்பிராணி போடறீங்க. அதுவும் ஞாயித்துக்கிழமை ரெண்டு வேளை. இப்படி ஒரு குடித்தனம் கெடைக்க நான் குடுத்து வெச்சிருக்கணும்."

வாயில் பேஸ்ட் நுரை இருந்ததால் நான் தலையை மட்டும் ஆட்டினேன். அதை அவர் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

செய்தி தெருவெங்கும் பரவியது. பிள்ளையார் கோயில் கமிட்டியில் என்னைச் சேர்த்தார்கள். திருவிளக்கு பூஜையில் முதல் விளக்கை வசந்திதான் ஏற்ற வேண்டும் என்று பெண்கள் தீர்மானம் செய்தார்கள். கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் எங்கள் வீட்டுச் சாம்பிராணிப் புகையில் காட்டிவிட்டுப் போனார்கள். குழந்தைகளுக்கும் குணமானது, அதை ஏன் கேட்கிறீர்கள்.

இந்தச் சமயத்தில்தான் கலாவுக்கு ஒரு வரன் வந்தது. அதற்கு முன் பல பேர் வந்து பஜ்ஜி தின்றுவிட்டு, ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்று போய், எழுதாமலே இருந்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் பட்டுப் புடவையை மடித்து வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள். பார்க்கவே கஷ்டமாக இருக்கும். இந்த வரன் செங்கல்பட்டிலிருந்து. பையனுக்குத் தாம்பரத்தில் வேலை. சைவக் குடும்பம். ஜாதகம் பொருந்தியிருந்தது. போட்டோவைப் பார்த்துவிட்டுக் கலா முதல் தடவையாகச் சிரித்திருந்தாள்.

ஏகாம்பரம் சார் என்னிடம் வந்தார். "நாலு மணிக்கு வராங்க தம்பி. அந்த நேரத்துக்கு நல்லா சாம்பிராணி போட்டு வுடுங்க. வூடே கோயில் மாதிரி மணக்கணும். நம்ம வூட்டு ஆசாரத்தப் பாத்து அவங்க அசந்து போவணும்."

போட்டேன். எங்கள் வீட்டில் சாம்பிராணி சாம்பிராணிக்காகவே போடப்பட்டது அன்றுதான்.

வந்தார்கள். பையன், அப்பா, அம்மா. ஏகாம்பரம் சார் முன் கூடத்தில் எங்கள் பக்தியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். குடித்தனக்காரர்களே இப்படி என்றால் வீட்டுக்காரர்கள் எப்படி இருப்பார்கள் என்று அவர்களே யோசித்துக்கொள்ளட்டும் என்பது அவர் கணக்கு. பையனின் அம்மா கிணற்றைப் பார்க்கிறேன் என்று எழுந்து பின்பக்கம் வந்தார். வசந்தி ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து எங்கள் போர்ஷனில் உட்காரச் சொன்னாள். அந்த அம்மா தண்ணீரைக் குடித்தார். பெருமூச்சு விட்டார்.

"நல்ல பொண்ணு. லட்சணமா கீது. ஆனா நமக்குச் சரிப்படாதும்மா."

வசந்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏம்மா?"

"ரொம்ப ஆசாரமான எடம். சாம்பிராணி இன்னா, பூஜை இன்னா... எங்க வூட்ல இதெல்லாம் ஆவாது. எம்புள்ளைக்குக் காலைல ஆம்லெட் இல்லன்னா சட்டை பட்டனே போட வராது. அவங்கப்பாவுக்கு ரெண்டு. இந்தப் பொண்ணு வந்து வாசனை தாங்காம வாந்தி எடுத்துட்டு நின்னா, யாருக்கு நிம்மதி சொல்லு?"

"சைவம்னு சொன்னாங்களே?"

"சைவந்தாம்மா. முட்டை மட்டும்" என்றார் அந்த அம்மா.

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் கிணற்றைப் பார்த்தேன். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்த அம்மா எங்களுக்கு முன்பின் தெரியாதவர். இப்போது உண்மையைச் சொன்னால், அவர் முன்கூடத்துக்குப் போய் ஒரு வார்த்தை விட்டால் போதும், அன்றைக்கே நாங்கள் தெருவில். நான் வீரன் இல்லையா, அவள் காதருகே போய், "வசந்தி... கிணறு" என்றேன்.

"இவங்களும் எழுந்து போயிட்டாங்கன்னா, ஏன் போனாங்கன்னு கலாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. தன்கிட்டதான் ஏதோ குறைன்னு நெனச்சுப்பா. நமக்குத்தானே தெரியும்?" என்றாள் அவள்.

அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டு இரும்புச் சட்டியை எடுத்தாள். பேப்பரில் சுற்றிய முட்டைகளை எடுத்தாள். அந்த அம்மா கண்ணை அகல விரித்து, சட்டியையும் சாம்பிராணித் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயில் முந்தானையை வைத்து அடக்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அடிப்பாவி மக்கா" என்றார்.

ரயிலுக்குக் காத்திருந்தோம். முன்கூடத்தில் பஜ்ஜி போய்க்கொண்டிருந்தது. ரயில் வந்தது. வசந்தி அடித்தாள். நான் தணலில் பொடியைத் தூவினேன். முன்கூடத்திலிருந்து ஏகாம்பரம் சார் பெருமையாகச் சொல்வது கேட்டது: "பாத்தீங்களா, சாயங்கால பூஜைய ஆரம்பிச்சிட்டாங்க."

பொடிமாஸை அந்த அம்மா ஒரு வாய் போட்டுக்கொண்டார். "பொண்ணு சாப்பிடுமா?" என்று கேட்டார்.

"நீங்களே கேளுங்க" என்று சொல்லிவிட்டு, பூ வைத்துவிட வேண்டும் என்ற சாக்கில் வசந்தி கொல்லை வழியாகக் கலாவை அழைத்து வந்தாள். பட்டுப் புடவையும் நகையுமாக வந்த கலா, வருங்கால மாமியார் கையில் முட்டைத் தட்டைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அந்த அம்மா ஒரு கவளம் எடுத்து அவள் வாய்க்கு நேராக நீட்டினார். கலா எங்களைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மென்றாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள்.

"அதையேதான் நானும் நெனச்சேன்" என்றார் அந்த அம்மா.

பதற்றத்தில் உப்பைக் குறைத்துப் போட்ட வசந்திக்கு முகம் சுருங்கியது. இவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறாள், பாராட்டு வந்த விதத்தைப் பாருங்கள்.

அந்த அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு முன்கூடத்துக்குப் போனார். நாங்கள் இருவரும் கதவிடுக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பையனின் அப்பா அதற்குள் ஆசாரத்தைக் கேட்டுக் கேட்டு வெளிறிப் போயிருந்தார். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் நிமிர்ந்தார். இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.

"எங்களுக்குப் பரிபூரண சம்மதம். தேதியப் பாருங்க" என்றார்.

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. பந்தியில் எங்களைத்தான் முதலில் உட்கார வைத்தார் ஏகாம்பரம் சார். கலா போகும்போது வசந்தியைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லாம் சுபம் என்று நினைத்தோம்.

கொஞ்ச நாள் கழித்து ஏகாம்பரம் சார் தட்டில் பழம், வெற்றிலை பாக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, இந்தக் கல்யாணமே நீங்க ரெண்டு பேரும் வெச்ச ராசிதான். நான் மறக்க மாட்டேன். மாப்ளை செங்கல்பட்டுலேர்ந்து தெனம் வந்து போக சிரமப்படறாரு. அவருக்கு இந்தத் தண்ணி வேற ரொம்பப் புடிச்சுப் போச்சு. உங்கள மாதிரி நல்லவங்க வாழ்ந்த எடத்துல எம்பொண்ணு குடும்பம் நடத்தணும்னு ஒரு ஆசை. நீங்க வேற வூடு பாத்துக்கினா..."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. முட்டைக்காக வீடு போகும் என்று ரயிலுக்குக் காத்திருந்து காத்திருந்து சாப்பிட்டவர்கள், கடைசியில் பக்திக்காகக் காலி செய்ய வேண்டுமாம். என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொன்னால் மாப்பிள்ளை இந்த வாசற்படி மிதிக்க முடியாது, கிணறு எங்களுக்குத்தான்.

"சார், உங்க மாப்பிள்ளை இருக்காரே..." என்று ஆரம்பித்தேன்.

வசந்தி என் காலை மிதித்தாள். "ரொம்பத் தங்கமானவர்னு சொல்ல வர்றார் சார். நாங்க வேற வீடு பாத்துக்கறோம்" என்றாள்.

ஏகாம்பரம் சார் போன பிறகு அவள் கிணற்றடிக்குப் போனாள். நிரப்ப வேண்டிய குடம் எதுவும் இல்லை. இருந்தும் ஒரு வாளி இறைத்து, திரும்பவும் கிணற்றிலேயே கொட்டிவிட்டு, மறுபடி இறைத்தாள். அழுதுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்றேன்.

"அந்த மனுஷன் உக்காந்து அழுவாரு. கலா பாக்கணுமா அத?" என்றாள்.

வாளியை அவள் கையிலிருந்து வாங்கி நானும் ஒரு தடவை இறைத்தேன். மேடவாக்கம் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. காற்று வரும், வெளிச்சம் வரும், வீட்டுக்காரர் வெளியூர். தண்ணீருக்கு மட்டும் லாரி.

காலி செய்கிற அன்று டெம்போவில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் சார் மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது.

"நீங்க போயிட்டா வூடே வெறிச்சுனு ஆயிடும் தம்பி. கடைசியா ஒரு உதவி. நீங்க தெனம் போடுவீங்களே அந்த சாம்பிராணி, அத எப்படிப் போடறதுன்னு மாப்ளைக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க."

மாப்பிள்ளையைச் சமையலறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிக் கொடுத்தேன்: முட்டைக்கு ஒரு ஸ்பூன் பொடி, வெங்காயம் போட்டால் ரெண்டு.